காரின் மெல்லிய கீறல்களும் கிளியர் கோட்டின் கணக்கும்

காரின் பெயிண்டில் விழுந்த கீறலைத் தேய்த்து எடுக்கும்போது நாம் அந்தக் கீறலுக்குள் எதையும் இட்டு நிரப்புவதில்லை. அதன் இரு கரைகளையும் அடிமட்டத்துக்கு ஏறத்தாழச் சமமாக வரும்வரை தேய்த்துத் தாழ்த்துகிறோம். அதாவது, ஒரு மெல்லிய கோடு மறைய வேண்டுமானால் அதைச் சுற்றியுள்ள நல்ல பெயிண்டில் ஒரு பங்கு போயாக வேண்டும். சொந்தக் காரையும் உறவினர்களின் கார்களையும் பல ஆண்டுகளாகத் தேய்த்து வரும் எனக்கு, இந்த வேலையின் மற்ற விதிகள் எல்லாம் இந்த ஒரு செய்தியிலிருந்தே பிறப்பதாகத் தோன்றுகிறது. எந்தக் கீறலைத் தொடலாம், எதை விட்டுவிட வேண்டும், எந்த இடத்தில் கையை நிறுத்த வேண்டும் என்பவற்றை இதை வைத்தே முடிவு செய்துகொள்ளலாம்.

இன்றைய கார்களில் பெரும்பாலானவற்றில் தகட்டின் மேல் நான்கு அடுக்குகள் உள்ளன. காரின் உடலைத் தொட்டியில் அமிழ்த்தி மின்சாரத்தின் உதவியால் படியவைக்கும் துருத்தடுப்புப் பூச்சு முதல் அடுக்கு. அதன்மேல் பிரைமர், அதற்கும் மேலே நமக்கு நிறமாகத் தெரியும் பேஸ் கோட், எல்லாவற்றுக்கும் மேலே நிறமற்ற கிளியர் கோட். இந்த நான்கும் சேர்ந்தே பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் வரைதான் இருக்கும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நிறம் தரும் பேஸ் கோட் 10 முதல் 20 மைக்ரான் அளவே உள்ள மெல்லிய படலம். அதைக் காத்து, காருக்குப் பளபளப்பையும் தருகிற கிளியர் கோட் ஏறத்தாழ 35 முதல் 50 மைக்ரான் வரை இருக்கும். மனிதத் தலைமயிரின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்பதால், நாம் தேய்க்கப்போகும் அடுக்கு ஒரு மயிரிழையைவிட மெல்லியது என்று தயங்காமல் சொல்லலாம்.

அந்த அடுக்கு முழுவதும் தேய்ப்பதற்காகவே உள்ளது என்றும் எண்ணிவிடக் கூடாது. வெயிலின் புற ஊதாக் கதிர்களைத் தடுக்கும் பொருள்கள் கிளியர் கோட்டில்தான் கலக்கப்பட்டுள்ளன; அது மெலிந்துபோனால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் சில ஆண்டுகள் கழித்து அந்த இடம் வெளுத்து, செதில் செதிலாக உரியத் தொடங்கும். மென்மையான பாலிஷ் ஒரு முறைக்கு ஒரு மைக்ரான் அளவோ அதற்கும் குறைவாகவோ எடுக்கும். காம்பவுண்டு எனப்படும் கரடான தேய்ப்புப் பசையை இயந்திரத்தில் போட்டால் சில மைக்ரான்கள் போய்விடும். எனவே ஒரே இடத்தை ஆண்டுக்கு ஒருமுறை புதிதாக்கிப் பார்க்கும் ஆசை நல்லதல்ல.

மெல்லிய கீறல் ஏன் வெள்ளையாகத் தெரிகிறது என்பதைப் புரிந்துகொண்டால், ஏமாற்று மருந்துகளை இனங்கண்டுகொள்வது எளிது. கீறலில் வெள்ளையாக எதுவும் இல்லை. வழவழப்பான கிளியர் கோட்டின் வழியே உள்ளே சென்று நிறத்தைத் தொட்டுத் திரும்ப வேண்டிய ஒளி, கீறலின் கூரான விளிம்புகளில் பட்டு நாலாபுறமும் சிதறுகிறது. அந்தச் சிதறலே வெண்கோடாகத் தெரிகிறது. கறுப்பு, கருநீலக் கார்களில் கீறல் பளிச்சென்று தெரிவதற்கும், அதே கீறல் வெள்ளைக் காரில் கண்ணில் படாமல் போவதற்கும் இதுவே காரணம். கீறலுக்குள் தண்ணீர் புகுந்தால் சிதறல் குறைகிறது, ஏனெனில் ஒளியை எவ்வளவு வளைக்கும் என்பதைக் காட்டும் ஒளிவிலகல் எண் காற்றுக்கு 1, தண்ணீருக்கு 1.33, கிளியர் கோட்டுக்கு 1.5-ஐ ஒட்டியது; பள்ளத்தில் இருப்பதன் எண் கிளியர் கோட்டின் எண்ணை நெருங்க நெருங்கச் சிதறல் குறையும். எண்ணெய்களின் எண் 1.47 அளவில் இருப்பதால் அவை தண்ணீரைவிடவும் நன்றாக மறைக்கின்றன. சமையல் எண்ணெயையோ துருப்பிடித்த திருகுகளுக்கு அடிக்கும் ஸ்பிரே எண்ணெயையோ தடவியதும் கீறல் மாயமாய் மறைந்தது என்று காட்டும் காணொளிகளின் இரகசியம் இவ்வளவுதான். அந்தப் படத்தை எடுத்தவர்கள் காரை ஷாம்பூ போட்டுக் கழுவிய பிறகு இன்னொரு படம் எடுப்பதில்லை.

பற்பசையை இந்தப் பட்டியலில் முழுமையாகச் சேர்த்துவிட முடியாது. அதில் சிலிக்கா, கால்சியம் கார்பனேட் போன்ற தேய்ப்புப் பொருள்கள் உண்மையிலேயே இருக்கின்றன. மிக மேலோட்டமான உராய்வுத் தடங்களை அது ஓரளவு குறைக்கவும் செய்யும். ஆனால் அந்தத் துகள்களின் அளவும் கடினமும் பல்லை எண்ணித் தேர்ந்தெடுக்கப்பட்டவை. ஒரு பற்பசைக்கும் இன்னொன்றுக்கும் இடையே பெரிய வேறுபாடு உண்டு. சில வகைகள் கீறலை எடுக்காமல் சுற்றிலும் மங்கலை மட்டும் உண்டாக்கிவிடும். சிறிய குப்பிப் பாலிஷ் எளிதாகக் கிடைக்கிற காலத்தில் குளியலறை மாடத்தில் மருந்து தேட வேண்டிய தேவை இல்லை என்பது என் கருத்து.

ஒளி பற்றிய இந்தப் பாடம் நோயறிதலுக்கும் உதவுகிறது. முதலில் கீறலைக் கழுவி, ஈரமாக இருக்கும்போது பார்க்க வேண்டும். ஈரத்தில் முற்றிலும் மறைந்து, காய்ந்ததும் திரும்பி வந்தால் அது கிளியர் கோட்டுக்குள்ளேயே நின்றுவிட்ட கீறல். வீட்டில் எடுப்பதற்கு உரியது. ஈரத்திலும் கோடு தெரிந்தால் அது நிறத்தை எட்டிவிட்டது. சாம்பலோ வேறு அந்நிய நிறமோ தெரிந்தால் பிரைமர் வரை இறங்கியிருக்கிறது, உலோகம் மின்னினால் தகடு வரை. அடுத்ததாக விரல் நகத்தைக் கீறலுக்குக் குறுக்காக, அழுத்தாமல் மெதுவாக இழுத்துப் பார்ப்பது வழக்கம். நகம் தடையின்றி வழுக்கிச் சென்றால் தேய்த்து எடுக்கலாம். நன்றாகச் சிக்கிக்கொண்டால் தேய்ப்பினால் எடுக்க முயலக் கூடாது. இவ்விரண்டுக்கும் நடுவே, நகத்துக்கு இலேசாகத் தட்டுப்படும் கீறல்கள் நிறைய உண்டு. அவற்றை முழுவதும் எடுக்க நினைத்தால் கிளியர் கோட்டில் பெரும்பங்கைத் தியாகம் செய்ய வேண்டியிருக்கும். ஆனால் அவற்றின் கூரான விளிம்புகளை மட்டும் மழுக்கிவிட்டால் ஒளிச் சிதறல் குறைந்து, நான்கடி தள்ளி நிற்பவர் கண்ணுக்குக் கீறல் தெரியாமல் போகும். பாதிக்கு மேற்பட்ட கீறல்களுக்கு நான் தேர்ந்தெடுப்பது இந்த வழியைத்தான்.

கீறலே அல்லாத கீறல்களும் உண்டு. சுவரிலோ தூணிலோ பம்பர் உரசியதும் பட்டையாக ஒரு வெள்ளையோ மஞ்சளோ ஒட்டிக்கொண்டிருக்கும். உரிமையாளர் தம் காரின் பெயிண்ட் போய்விட்டது என்று பதறுவார். பல வேளைகளில் அது சுவரின் பெயிண்ட், நம் பெயிண்டின் மேல் வந்து அமர்ந்திருப்பது. விரலால் தடவினால் பள்ளத்துக்குப் பதிலாக மேடு தட்டுப்படும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் துணியில் நனைத்து ஒற்றித் தேய்த்தாலோ, கிளே பார் எனப்படும் களிமண் கட்டியை உயவு நீருடன் ஓட்டினாலோ இதில் பெரும்பகுதி வந்துவிடும். மிச்சத்தைக் காம்பவுண்டு எடுத்துவிடும். சிலர் இதற்குத் தின்னரைக் கையிலெடுக்கிறார்கள். தொழிற்சாலையில் சூடேற்றி இறுகவைத்த பெயிண்ட் அதைச் சற்று நேரம் தாங்கக்கூடும், ஆனால் பின்னாளில் பெயிண்ட் அடிக்கப்பட்ட பகுதியும் பிளாஸ்டிக் பாகங்களும் இளகி நாசமாகலாம் என்பதால் நான் அதை வீட்டில் பரிந்துரைப்பதில்லை.

பகலில் வெளியே தெரியும் ஒற்றைக் கீறலுக்கும், வெயிலிலோ தெருவிளக்கின் கீழோ மட்டும் தெரியும் சிலந்திவலை போன்ற வட்டத் தடங்களுக்கும் வேறுபாடு உண்டு. அந்த வட்டங்கள் உண்மையில் வட்டங்களே அல்ல. எல்லாத் திசைகளிலும் ஓடுகிற ஆயிரக்கணக்கான மெல்லிய கோடுகளில், விளக்கிலிருந்து வரும் ஒளிக்குக் குறுக்காக அமைந்தவை மட்டுமே மின்னுவதால் விளக்கைச் சுற்றி ஒரு வளையம் போலத் தெரிகிறது. கைவிளக்கை நகர்த்தினால் வளையமும் கூடவே நகரும். இவை பெரும்பாலும் தூசி படிந்த காரை உலர்ந்த துணியால் துடைப்பதாலும், கழுவும் நிலையத்தில் சுழலும் தூரிகைகளாலும், தூசியோடு மூடிய உறை காற்றில் அசைவதாலும் வருபவை. ஒற்றைக் கீறலைக் கையால் எடுக்கலாம். பானெட் முழுவதும் பரவிய வளையத் தடங்களைக் கையால் எடுப்பது தோளுக்கு மட்டுமே பயிற்சியாக அமையும்.

தேய்ப்பதற்கு முன் காரைக் கழுவுவது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஷாம்பூ நீருக்கு ஒரு வாளி, துணியை அலச ஒரு வாளி, நிழல், குளிர்ந்த தகடு ஆகியவை போதும். ஆனால் கழுவிய பிறகும் மேற்பரப்பு முற்றிலும் தூய்மையாகிவிடுவதில்லை. உலர்ந்ததும் உள்ளங்கையை மெதுவாக ஓட்டிப் பார்த்தால் நறநறவென்று ஏதோ தட்டுப்படும். தார்ப் புள்ளிகள், பிரேக்கிலிருந்து பறந்து ஒட்டிய இரும்புத் துகள்கள், மரப்பிசின் போன்றவை. இவற்றைக் களிமண் கட்டியால் எடுக்காமல் தேய்க்கத் தொடங்கினால், பாலிஷுடன் இந்தத் துகள்களும் சேர்ந்து சுழன்று புதிய கீறல்களைப் போடும். களிமண் கட்டி தரையில் விழுந்தால் எறிந்துவிட வேண்டும். மைக்ரோஃபைபர் துணி விழுந்தால் துவைக்கும்வரை அதைத் தொடக் கூடாது. இதில் சிக்கனம் பார்ப்பவர்கள் அடுத்த வாரம் இன்னொரு கீறலைத் தேய்த்துக்கொண்டிருப்பார்கள்.

அடுத்து, கீறலைச் சுற்றியுள்ள விளிம்புகளுக்கும் கறுப்புப் பிளாஸ்டிக் பட்டைகளுக்கும் மாஸ்கிங் டேப் ஒட்ட வேண்டும். கதவின் ஓரம், தகடு மடங்கும் கூரான கோடு ஆகிய இடங்களில் பெயிண்ட் இயல்பாகவே மெலிந்திருக்கும். அழுத்தமும் அங்கேதான் குவியும். இரண்டும் சேர்ந்தால் கிளியர் கோட் கடந்து நிறம் தெரிவதற்கு அதிக நேரம் ஆகாது. சொரசொரப்பான பிளாஸ்டிக்கின் துளைகளுக்குள் காம்பவுண்டு புகுந்து காய்ந்துவிட்டால் அந்த வெள்ளைத் தடத்தை எடுப்பது கீறலை எடுப்பதைவிடப் பெரிய வேலை.

இனி தேய்ப்பு. கடையில் கிடைக்கும் பொருள்கள் பல பெயர்களில் வந்தாலும், கரடாக வெட்டும் ரப்பிங் காம்பவுண்டு, மென்மையாக வெட்டி மெருகேற்றும் பாலிஷ், எதையும் வெட்டாமல் மேலே படலமாகப் படியும் வாக்ஸ் என்று மூன்றாகப் பிரித்துக்கொண்டால் குழப்பம் வராது. முதல் இரண்டிலும் வேலை செய்வது பெரும்பாலும் அலுமினியம் ஆக்ஸைடு போன்ற நுண்ணிய தேய்ப்புத் துகள்கள். எப்போதும் மென்மையானதிலிருந்து தொடங்க வேண்டும் என்பதே நான் விடாமல் கடைப்பிடிக்கும் விதி. பெயிண்டின் கடினம் காருக்குக் கார் மாறும். ஒரு காரில் காம்பவுண்டுக்கும் அசையாத கீறல் இன்னொரு காரில் பாலிஷுக்கே போய்விடும். முதலிலேயே கரடானதை எடுத்தவருக்கு, மென்மையானது போதுமாயிருந்ததா என்று தெரிந்துகொள்ள வழியில்லை.

தட்டையான நுரைப் பஞ்சில் பட்டாணி அளவு பாலிஷ் இட்டு, கீறலின் மேல் முதலில் ஒற்றிப் பரப்ப வேண்டும். பிறகு இரண்டு கையகல இடத்துக்குள், கீறலின் போக்கிலேயே ஓட்டாமல் அதற்குக் குறுக்காக நேர்கோடுகளில் முன்னும் பின்னும் தேய்க்க வேண்டும். அதன்பின் திசையை மாற்றி, முதல் வரிகளின் மேல் குறுக்கு வரிகளாகத் தேய்க்கலாம். கீறலின் வழியே ஓட்டினால் பஞ்சு பள்ளத்தின் அடியையும் சேர்த்தே தேய்க்கும், கரைகள் தாழாது. துணியை ஒரு விரல்நுனியில் சுற்றிக்கொண்டு கீறலை மட்டும் அழுத்தித் தேய்ப்பது எல்லோருக்கும் இயல்பாக வருகிற பழக்கம். அழுத்தம் முழுவதும் ஒரு விரல் அகலத்தில் குவிவதால் அந்த இடம் ஓர் ஆழமற்ற வாய்க்கால் போலக் குழிந்து, பக்கவாட்டில் பார்க்கும்போது பிரதிபலிப்பு நெளிந்து தெரியும். விரல்கள் அனைத்தும் பஞ்சின் மேல் சமமாகப் பரவியிருக்க வேண்டும். நடுத்தர அழுத்தத்தில் தொடங்கி, பாலிஷ் மெல்லிய, ஏறத்தாழக் கண்ணாடி போன்ற படலமாகும்வரை போகப்போக அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். காம்பவுண்டுகள் சிலவற்றில் துகள்கள் தேய்க்கத் தேய்க்க உடைந்து நுண்மையாகும் தன்மை கொண்டவை. அவற்றைப் பாதியிலேயே துடைத்துவிட்டால் கரடான தடங்களே மிஞ்சும். காயவிடவும் கூடாது, ஆகவே வெயிலில் சூடேறிய தகட்டில் இந்த வேலையைத் தொடங்கவே கூடாது.

சுத்தமான மைக்ரோஃபைபர் துணியால் துடைத்ததும் கீறல் மறைந்திருக்கும். அந்த மறைவை அப்போதே நம்பிவிடக் கூடாது. பாலிஷில் உயவு எண்ணெய்கள் இருக்கின்றன, சிலவற்றில் பள்ளத்தை நிரப்பும் பொருள்களும் உண்டு; முன்பு சொன்ன சமையல் எண்ணெயின் வேலையை இவையும் செய்யும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலையும் தண்ணீரையும் கலந்து தெளித்துத் துடைத்த பிறகு, கைவிளக்கைப் பல கோணங்களில் பிடித்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். கீறல் மிச்சமிருந்து, ஆனால் முன்பைவிட மங்கியிருந்தால் மேலும் ஓரிரு சுற்றுகள் தேய்க்கலாம். மங்கவே இல்லை என்றால் மட்டும் காம்பவுண்டுக்குப் போகலாம். காம்பவுண்டு விட்டுச்செல்லும் புகைமூட்டம் போன்ற மங்கலைப் பாலிஷ் கொண்டு எடுக்க வேண்டும். காம்பவுண்டிலும் மாற்றம் தெரியாத கட்டத்தில் நான் நிறுத்திவிடுகிறேன். பத்து அங்குலத் தொலைவில் முகத்தை வைத்துத் தேடினால் மட்டும் தெரிகிற கோட்டுக்காகக் கிளியர் கோட்டை மேலும் செலவழிப்பதில் பொருள் இல்லை.

இயந்திரத்தைப் பொறுத்தவரை, சுழன்றுகொண்டே ஊசலாடும் டூயல் ஆக்‌ஷன் வகை மட்டுமே வீட்டுக்கு ஏற்றது. ஒரே அச்சில் சுழலும் ரோட்டரி வகை தேர்ந்த கைகளில் அற்புதமான கருவி. பழகாதவர் கையில் அது சில நொடிகளில் சூட்டை ஏற்றிப் பெயிண்டைக் கருக்கிவிடும், அல்லது வெயிலில் அலையலையாகத் தெரியும் தடங்களை விட்டுவிடும். துளையிடும் டிரில்லில் பஞ்சுத் தட்டை மாட்டி ஓட்டுவதும் ஏறத்தாழ இதே ஆபத்துதான். பிளாஸ்டிக் பம்பர் உலோகத்தைப் போல வெப்பத்தைக் கடத்தி ஆற்றிவிடாது என்பதால் அங்கே சூடு இன்னும் விரைவாகக் குவியும்.

2000 அல்லது 3000 எண் வாட்டர் பேப்பரால், அதாவது மிக நுண்ணிய உப்புத்தாளால், ஈரத்தில் தேய்த்து, பிறகு காம்பவுண்டு போடும் முறை உண்மையானதே, பெயிண்ட் பட்டறைகளில் நாள்தோறும் நடப்பதுதான். ஆயினும் எவ்வளவு கிளியர் கோட் மிச்சமிருக்கிறது என்று அளக்க முடியாத ஒருவர், மங்கிப்போன பரப்பைக் கையால் மீண்டும் பளபளப்பாக்க இயலாத நிலையில், இதைத் தொடங்குவது வீண் துணிச்சல் என்றே நினைக்கிறேன்.

நிறத்தையும் கடந்துவிட்ட கீறலுக்குத் தேய்ப்பு மருந்தல்ல, டச்-அப் பெயிண்ட்தான். காரின் நிறக் குறியீடு பெரும்பாலும் ஓட்டுநர் கதவின் நிலைச்சட்டத்திலோ என்ஜின் அறையிலோ ஒட்டப்பட்ட தகட்டில் இருக்கும். கீறலை ஆல்கஹாலால் துடைத்து எண்ணெய்ப் பசை நீக்கி, குப்பியோடு வரும் தூரிகையைவிட மெல்லிய தூரிகையால் பள்ளத்துக்குள் மட்டும் சிறிது சிறிதாக இட்டு, ஒவ்வொரு பூச்சும் காய்ந்த பின் அடுத்ததை இட வேண்டும். கடைசியில் கிளியர் கோட். உலோகத் துகள் கலந்த நிறங்களில் துகள்கள் படியும் விதம் மாறுவதால், சரியான குறியீட்டைக் கொண்டு வாங்கினாலும் உற்றுப் பார்ப்பவருக்குத் தடம் தெரியும். அதை எதிர்பார்த்துத்தான் செய்ய வேண்டும், ஏனெனில் அங்கே முதன்மையான நோக்கம் அழகைவிடத் துருவைத் தடுப்பது. தகடு வரை இறங்கிய கீறலைத் தள்ளிப்போடக் கூடாது. பிளாஸ்டிக் பம்பரில் விழுந்ததற்கு அந்த அவசரம் இல்லை.

தேய்க்கவே கூடாத பரப்புகளும் சில உண்டு. மேட் பெயிண்டின் மங்கல் அதன் இயல்பு. அதைப் பாலிஷ் போட்டால் அந்த இடம் மட்டும் நிலையாக மினுமினுத்து, பின்னர் அதை மங்கலாக்க வழியே இருக்காது. பாதுகாப்புப் படலம் ஒட்டிய கார்களில் கீறல் படலத்தில்தான் விழுந்திருக்கும். தானே ஆறும் வகையாக இருந்தால் வெதுவெதுப்பான நீரை ஊற்றினாலோ வெயிலில் நிறுத்தினாலோ மெல்லிய தடங்கள் மறைந்துவிடும். அண்மையில் பெயிண்ட் அடித்த பகுதி முழுவதும் இறுகும்வரை அதைத் தொடக் கூடாது. தேய்க்கும்போது பஞ்சில் காரின் நிறம் ஒட்டினால் பதற வேண்டியதில்லை என்பது கிளியர் கோட் இல்லாத பழைய கார்களுக்கு மட்டும் பொருந்தும். மற்ற கார்களில் அது நிறுத்தச் சொல்லும் எச்சரிக்கை.

தேய்த்து முடித்த இடத்தில் பழைய வாக்ஸ் எதுவும் மிஞ்சியிருக்காது. ஆகவே அங்கே புதிய வாக்ஸையோ, சீலன்ட் எனப்படும் செயற்கைப் பாதுகாப்புப் பூச்சையோ மெல்லிய படலமாகப் பூசிவிட வேண்டும். அது கீறலைத் தடுக்கும் கவசமன்று. நீரும் அழுக்கும் எளிதில் ஒட்டாமல் பார்த்துக்கொள்ளும். கதவுக் கைப்பிடிக்குப் பின்னால் உள்ள குழிவில் நகங்களால் விழும் தடங்களுக்கு இயந்திரம் எட்டாது, கையால் எடுப்பதே எளிது. எடுத்த பின் அந்த அளவுக்கு வெட்டிய பாதுகாப்புப் படலம் ஒன்றை ஒட்டிவிட்டால் அதே இடத்தைத் திரும்பத் திரும்பத் தேய்க்க வேண்டியிராது.

எந்தக் கதவை, எந்த மாதத்தில், எதைக் கொண்டு தேய்த்தோம் என்பதைக் காரின் பராமரிப்புப் புத்தகத்திலேயே ஒரு வரி குறித்து வைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. பிறர் ஓட்டிய காரை வாங்கியவர்களுக்கு அந்த வரலாறு கிடைக்காது. அவர்கள் பெயிண்டின் தடிமனை அளக்கும் சிறு கருவியை இரவல் வாங்கியாவது வைத்துப் பார்ப்பது நல்லது. ஒரு கதவு மட்டும் மற்றவற்றைவிட மிகத் தடிமனாகக் காட்டினால் அது பின்னாளில் பெயிண்ட் அடிக்கப்பட்டது. மற்றவற்றைவிடத் தெளிவாகக் குறைந்து காட்டினால் முன்பே யாரோ நிறையத் தேய்த்திருக்கிறார்கள், அங்கே வாக்ஸோடு நிறுத்திக்கொள்ளலாம். சாதாரணக் கருவி அடுக்குகளின் மொத்தத் தடிமனைத்தான் சொல்லும், கிளியர் கோட்டைத் தனியாகச் சொல்லாது; உலோகத்தை நம்பி அளப்பதால் பிளாஸ்டிக் பம்பரில் அது எதையும் காட்டாது.